ஒத்தை நட்சத்திரக்காரன்

காலையில ஏழு மணி இருக்கும். மூடுபனி இன்னும் கலையல. தகரக் கூரையில இருந்து சொட்டுச் சொட்டா விழுந்துக்கிட்டு இருக்கு. பக்கத்து வீட்டுப் பேராண்டி செல்போனை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு வந்து என் திண்ணையில உக்காந்தான். இழவுச் சேதி கொண்டு வந்தவன் எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம முழிப்பானே, அந்த மூஞ்சி.

"தாத்தா, ஒருத்தன் ஒத்த ஸ்டார் போட்டுட்டான்."

"ஸ்டார்னா நட்சத்திரம்தானே? எந்த நட்சத்திரம்டா, மூலமா, கேட்டையா?"

பய சிரிக்கல. விஷயம் பெருசுதான் போல.

ரெண்டு வருஷமா இவன் ஆன்லைன்ல கடை வச்சிருக்கான். கடைன்னா கதவு, பூட்டு எல்லாம் கிடையாது. அவங்க அம்மா கட்டிலுக்கு அடியில நாலு அட்டைப் பெட்டி. ஒண்ணுல ஆர்த்தடாக்ஸ் தேயிலை, ஒண்ணுல வர்க்கி, ஒண்ணுல நீலகிரித் தைலம், ஒண்ணுல வீட்டுல செஞ்ச சாக்லேட்டு. சென்னையில இருக்கிறவன் அமுக்குறான், லக்னோவுல இருக்கிறவன் அமுக்குறான், இவன் குன்னூர்ல உக்காந்து பொட்டலம் கட்டுறான். நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. நேத்து ராத்திரி ஒரு மகராசன் எழுதிட்டான்: டீ தண்ணி மாதிரி இருக்கு, பாலுக்கு நிறமே ஏறல, பத்து நிமிஷம் கொதிக்க வச்சும் பிரயோஜனம் இல்ல, சுத்த ஏமாத்து.

"ராத்திரி பூரா தூங்கல தாத்தா. இவனுக்கு என்னான்னு பதில் எழுதட்டும்?"

வந்து வாயத் தொறந்து கேட்டுட்டான். பெரிய மனுசன்னு மதிச்சுக் கேட்டவனுக்குச் சொல்லாம இருந்தா நல்லா இருக்குமா? சொன்னேன்.

இந்தா பாரு, பதில் எழுதுறதா இருந்தா ராத்திரி பதினோரு மணிக்கு மேல எழுது. பகல்ல எழுதிடாதே. பகல்ல நாலு பேரு வருவாங்க, போவாங்க, கோவம் ஆறிடும். ஆறின கோவமும் ஆறின டீயும் எதுக்குடா ஆகும்? உனக்கு டீ குடிக்கத் தெரியாதுன்னு மொத வரியிலயே போடு. உங்க அம்மாவுக்கும் போடத் தெரியாதுன்னு ரெண்டாவது வரி. அம்மாவை இழுக்காத சண்டை ஒரு சண்டையா? அவன் விலாசம், போன் நம்பரு எல்லாம் பார்சல் சீட்டுல இருக்கில்ல, அதையும் சேர்த்துப் போட்டுவிடு, ஊரே பார்க்கட்டும். அவன் போலீஸ்ல எழுதிக் குடுத்தா என்ன இப்போ? ஊட்டிக்கு ஒரு நடை போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வருவோம். பஸ்ல ஜன்னல் ஓரமா இடம் பிடிச்சா போற வழியில கேத்திப் பள்ளத்தாக்கு நல்லாத் தெரியும்.

அதுக்கும் மேல ஒரு வேலை இருக்கு. உங்க அத்தை, சித்தி, பெங்களூர் மாமா, கிரிக்கெட் ஆடுற பசங்க எல்லாருக்கும் சொல்லிவிடு. ஆளுக்கு அஞ்சு நட்சத்திரம். ஒரே நாள்ல போடணும், ஒரே மாதிரி 'சூப்பர் டீ அண்ணா'ன்னு எழுதணும். உங்க அத்தையும் அண்ணான்னுதான் எழுதணும். அப்பத்தான் படிக்கிறவனுக்குச் சந்தேகமே வராது.

இங்கதான் பய தலையக் குனிஞ்சான்.

"எத்தனை?"

"பதினொண்ணு தாத்தா."

அட, நான் கேலிக்குச் சொன்னதை நீ கேக்காமலே செஞ்சு முடிச்சிருக்கியே! விக்கிறவன் வாங்குறவன் வேஷம் கட்டிக்கிட்டுத் தன் சரக்கைத் தானே புகழக்கூடாதுன்னு மத்திய சர்க்காரு 2020-லேயே மின்வணிக விதியில எழுதி வச்சிருக்கு. 2022 நவம்பர்ல, பிரஷர் குக்கருக்கு முத்திரை குத்துற அதே இந்தியத் தர நிர்ணய அமைப்பு, இந்த நட்சத்திர விவகாரத்துக்குன்னே ஐ.எஸ். 19000-ன்னு ஒரு தர விதி கொண்டு வந்துச்சு. காசு குடுத்து எழுத வைக்கக்கூடாது, எழுதினவன் நிஜ ஆளுதானான்னு கடை பார்க்கணும், அப்படி இப்படின்னு. இஷ்டப்பட்டவங்க கடைப்பிடிக்கலாம்னுதான் கொண்டு வந்தாங்க. கோயில் உண்டியல் மாதிரி.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு பார்க்கிறியா? கோயமுத்தூர்ல காலேஜ் படிக்கிற என் பேத்தி லீவுக்கு வந்தா வாசிச்சுக் காட்டுவா. அவ சொன்ன லண்டன் கொட்டாய்க் கதையக் கேளு. ஊபா பட்லர்னு ஒரு பையன். ஓட்டல்காரங்ககிட்ட 10 பவுண்டு வாங்கிக்கிட்டு, அந்த ஓட்டல் வாசப்படி மிதிக்காமலே ஆகா ஓகோன்னு எழுதிக் குடுத்துப் பொழைச்சவன். 2017-ல அவனுக்கு ஒரு யோசனை வந்துச்சு. டல்விச்னு ஒரு பகுதியில தான் குடியிருந்த தோட்டத்துக் கொட்டாயையே ஓட்டல்னு டிரிப்அட்வைசர்ல பதிஞ்சுட்டான். சமையல்காரன் கிடையாது, சமையலும் கிடையாது. ஷேவிங் நுரையக் குவிச்சு வச்சுப் படம் எடுத்து இதுதான் பலகாரம்னு போட்டான். ஒரு படத்துல இருந்தது அவனோட குதிகால். சிநேகிதக்காரங்க எல்லாம் மாத்தி மாத்தி அஞ்சு நட்சத்திரம் போட்டாங்க. வருசம் முடியறதுக்குள்ள லண்டன்ல இருக்கிற அத்தனை ஓட்டலையும் தாண்டி அந்தக் கொட்டாய் மொத இடத்துக்கு வந்துடுச்சு. இடம் கிடைக்குமான்னு போன் மேல போன். கடைசியில ஒரு ராத்திரி நிஜமாவே கொஞ்சம் பேரைக் கூப்பிட்டு, கடையில வாங்கின மலிவு டப்பாச் சாப்பாட்டைச் சூடு பண்ணிப் போட்டான். சாப்பிட்டவங்கள்லயே சிலர் மறுபடி வர இடம் கேட்டாங்களாம்.

அதக் கேட்டதும் எனக்கும் ஆசை வந்துச்சு. பின்னாடி நம்ம ஆட்டுக் கொட்டாய் சும்மாத்தானே கிடக்குன்னு. பேத்தி ஒத்துக்கல. ஆடும் ஒத்துக்கல.

சரி, அந்த மகராசன் எழுதினதை மறுபடி வாசி. பத்து நிமிஷம் கொதிக்க வச்சானாமா? பாலோடயா? கிழிஞ்சுது போ. அவன் என்ன பண்ணுவான், பாவம். பொறந்ததுல இருந்து குடிச்சதெல்லாம் சி.டி.சி. தூளு. 1930 வாக்குல அஸ்ஸாம்ல மெக்கர்ச்சர்ங்கிற துரை செஞ்ச மெஷினு அது. இலைய நசுக்கி, கிழிச்சு, சுருட்டிக் கடுகு கடுகாத் துப்பும். பால்ல போட்டா செங்கல் நிறத்துல எழும்பும். நம்ம நீலகிரியிலயும் ஃபாக்டரிகள்ல பெரும்பாலும் ஓடுறது அதுதான். நீ அனுப்புனது இலைய உருட்டிப் பக்குவமாக் காய வச்சது. கொதிச்ச தண்ணிய ஊத்தி, மூடி வச்சு, வடிச்சுக் குடிக்கணும். தேன் நிறமா இருக்கும், பூ வாசம் அடிக்கும். மார்கழி, தையில உறைபனி விழுற சமயத்துல பறிச்ச கொழுந்துன்னா கேக்கவே வேணாம். அதுல பால ஊத்தினா பாலும் போச்சு, டீயும் போச்சு.

இன்னொரு சங்கதியும் இருக்கு. தூளுல சாயம் கலக்கிற புண்ணியவானுங்க இந்த நாட்டுல உண்டு. வடிதாள்ல தூளைப் பரப்பி, தண்ணி தெளிச்சு, தூளைத் தட்டிட்டுத் தாளைக் கழுவி வெளிச்சத்துல பாரு. கறை நின்னா சாயம். உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லிக் குடுக்கிற சோதனைதான் இது. நல்ல தேயிலை பச்சைத் தண்ணியில அவசரப்பட்டு நிறம் விடாது. சாயம் குடிச்சே வளர்ந்த நாக்குக்கு உன் டீ தண்ணி மாதிரிதான்டா இருக்கும். அவன் பொய் எழுதல. அவனுக்கு அப்படித்தான் இருந்திருக்கு.

நாம எப்பவும் அடுத்தவன் நாக்கை நம்பித்தானே பொழைக்கிறோம். குன்னூர்ல 1963-ல இருந்து தேயிலை ஏலம் நடக்குது. இப்போ எல்லாம் கம்ப்யூட்டர்ல. ஆனா அதுக்கு முந்தி ருசி பார்க்கிற வேலை மட்டும் இன்னும் மனுசன்கிட்டதான் இருக்கு. நீள மேசை, வரிசையா வெள்ளைப் பீங்கான் கிண்ணம். ருசி பார்க்கிறவரு கரண்டியில எடுத்து 'சர்ர்ர்'னு உறிஞ்சுவாரு. நான் வீட்டுல அப்படி உறிஞ்சினா என் மருமக திரும்பிப் பார்த்து முறைக்கிறா. அங்க அதுக்குச் சம்பளம். வாயில உருட்டி, தொட்டியில துப்பிட்டு, அடுத்த கிண்ணத்துக்குப் போயிடுவாரு. எல்லாக் கிண்ணத்துக்கும் ஒரே எடைத் தூளு, ஒரே அளவுத் தண்ணி, ஒரே நேரம். வெள்ளைக்காரன் இதுக்குன்னே பி.எஸ். 6008-னு ஆறு பக்கத்துக்கு ஒரு விதி எழுதினான். 100 மில்லித் தண்ணிக்கு 2 கிராம், 6 நிமிஷம். டீ போட ஆறு பக்கமான்னு உலகமே சிரிச்சு, 1999-ல அதுக்கு இக் நோபல்னு கேலிப் பரிசு குடுத்தாங்க. எனக்குச் சிரிப்பு வரல. உன் ஆளு அந்த ஆறு பக்கத்துல ஒரு பக்கம் படிச்சிருந்தா நேத்து நீ தூங்கியிருப்ப.

அந்த ஏலத்து நாக்கும் குறை சொல்லும். கிலோவுக்கு ரெண்டு ரூபா இறங்கினா ஃபாக்டரிக்காரன் வாய்க்குள்ள திட்டுவான். ஆனா அந்த நாக்குக்குப் பேரு இருக்கு, ஆபீஸ் இருக்கு. தப்பாச் சொல்லிட்டா அடுத்த வாரம் நேராப் போய் என்ன சார் இப்படின்னு கேக்கலாம். உன் ஆளு பேரு என்ன போட்டிருக்கு?

"டீ லவ்வர் 77, தாத்தா."

நல்ல குடும்பப் பேரு. 2006-ல லாஸ் வேகஸ்ல ஒரு ஏலம் நடந்துச்சு. நம்ம நீலகிரித் தேயிலை கிலோ 600 டாலருக்குப் போச்சு. அதை வாங்கினவனும் டீயை லவ் பண்ணுனவன்தான். டீ லவ்வர் 77 அங்க இருந்திருந்தா கிலோவுக்கு எவ்வளவு கேட்டிருப்பானோ, பகவானுக்கே வெளிச்சம்.

எல்லாம் சரி, உன் பொட்டலத்தைக் கொண்டா, அதுல என்னா எழுதியிருக்கேன்னு பார்ப்போம். ஓடிப் போய் ஒண்ணு எடுத்துட்டு வந்தான். முன்னாடி ரயில் படம், மலைப் படம், சூரியன். பின்னாடி, அடியில, எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷ்ல ரெண்டு வரி. மூணு நிமிஷம் ஊற வைக்கவும், பால் சேர்க்க வேண்டாம்னு எழுதியிருக்காம். என் கண்ணாடியப் போட்டும் தெரியல, பேத்தி கண்ணாடியப் போட்டாலும் தெரியாது. ரயில் படத்துக்கு அவ்வளவு இடம் விட்டிருக்கியே, ரயில ஊற வச்சா குடிக்கிறது? அந்த ஒத்தை நட்சத்திரத்துல பாதி உன் கணக்குடா.

பய மூஞ்சி இன்னும் சுருங்கிப் போச்சு. அதனால என் கதையச் சொன்னேன்.

நான் இலங்கையில நுவரெலியாப் பக்கத்துத் தோட்ட லயத்துல பொறந்தவன். 1964-ல ரெண்டு நாட்டுப் பிரதமருங்க சிரிமாவோவும் சாஸ்திரியும் டெல்லியில உக்காந்து, எங்க தோட்டத்து ஜனத்துல எத்தனை லட்சம் பேரு அந்தப் பக்கம், எத்தனை லட்சம் பேரு இந்தப் பக்கம்னு பங்கு போட்டாங்க. பங்குல நான் இந்தப் பக்கம் விழுந்தேன். 1973-ல தலைமன்னார்ல கப்பல் ஏறி, ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் முகாம்ல பதிஞ்சு, இந்த மலைக்கு வந்து சேர்ந்தேன். அங்க இருந்தவரைக்கும் என்னை இந்தியாக்காரன்னாங்க. இங்க வந்ததும் சிலோன்காரன்னாங்க. ரெண்டு நாட்டுலயும் ஒத்தை நட்சத்திரம். போட்டவன் எவனும் என்னைப் பிரிச்சுக்கூடப் பார்க்கல.

அத விடு. தோட்டத்துல கொழுந்து நிறுக்கிறதுன்னு ஒண்ணு உண்டு. காலையில இருந்து சரிவுல நின்னு, அட்டைக் கடியோட, ரெண்டு இலை ஒரு கொழுந்துன்னு பார்த்துப் பார்த்துப் பறிச்சு, பொம்பளைங்க மூட்டையக் கொண்டு வந்து தராசுல வைப்பாங்க. இருபது கிலோ காட்டும். நிறுக்கிறவன் நோட்டுல பதினேழுன்னு எழுதுவான். என்னாங்கன்னு கேட்டா, தண்ணிக் கழிவு. இன்னைக்கு மழையே பெய்யலீங்களேன்னா, பனி பெஞ்சுச்சு. பனியும் பெய்யலன்னா, முத்தல் இலை இருக்கு. நிஜமாவே ஈரக் கொழுந்து எடை கூடத்தான் காட்டும், கழிக்கத்தான் வேணும். ஆனா வெயில் காயுற மத்தியானத்துலயும் அந்தப் பனி பெய்யும் பாரு, அதுதான் வித்தை. எங்க வீட்டுக்காரி சம்பளத்துல எத்தனை கிலோ பனியாப் போச்சுன்னு அவ சாகிற வரைக்கும் கணக்கு வச்சிருந்தா.

இப்போ வேடிக்கையக் கேளு. பத்து வருசம் கழிச்சு அதே தராசு என் கைக்கு வந்துச்சு. நான் நிறுக்கிறவனாயிட்டேன். ஒரு நாள் காலையில ஃபாக்டரியில பெரியவரு என்னை நாலு பேருக்கு முன்னாடி நிக்க வச்சுத் திட்டிட்டாரு. தப்பு என்னுது இல்ல. அன்னைக்குச் சாயந்திரம் மூட்டைக்கு ரெண்டு கிலோ கூடவே கழிச்சேன். எல்லாருக்கும். ஏன்னு கேட்டா இப்பவும் சொல்லத் தெரியாது. ஒரு வயசான அம்மா, நோட்டை எட்டிப் பார்த்துட்டு, "இன்னைக்குத் தராசு யாரு மேலயோ கோவமா இருக்கு போல"ன்னு சொல்லிட்டு மூட்டைய எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. சண்டை போட்டிருந்தா நானும் ஒரு சத்தம் போட்டுட்டு மறந்திருப்பேன். இது நாப்பது வருசமா மறக்கல.

அந்த அம்மா அதோட விடல. மறுநாள்ல இருந்து தராசுல வைக்கிறதுக்கு முந்தி மூட்டைய அவுத்து, கொழுந்தைப் படுதாவுல கொட்டி, ரெண்டு கையாலயும் அளைஞ்சு, "பாருங்க சாமி, ஈரம் இருக்கா"ன்னு எல்லாருக்கும் கேக்கிற மாதிரிக் கேக்கும். நான் இல்லன்னு சொல்ற வரைக்கும் திரும்ப அள்ளாது. அப்புறம் எங்க இருந்து பனி பெய்யும்? நீயும் அதைத்தான் பண்ணணும். பொட்டலம் கட்டும்போதே எடை மெஷின்ல வச்சு, எடை தெரியறாப்ல, சீட்டுத் தெரியறாப்ல, ஒட்டுற வரைக்கும் போன்ல படம் பிடிச்சு வை. ஒவ்வொரு ஆர்டருக்கும். சலிப்பா இருக்கும். கொழுந்தைக் கொட்டி அள்ளுறதும் சலிப்புதான்.

"ஏன் தாத்தா, நாமளும் திருப்பி அவனுக்கு ஒரு ஸ்டார் போட முடிஞ்சா எப்படி இருக்கும்?"

இருந்துச்சுடா அப்படி. அமெரிக்காவுல ஈபேன்னு ஒரு கடை. 1996-லேயே வாங்குறவனும் விக்கிறவனும் ஒருத்தருக்கொருத்தர் மார்க் போட்டுக்கலாம்னு வச்சான். முகம் தெரியாதவன் முகம் தெரியாதவனுக்குக் காசு அனுப்புறான், பின்ன எதை வச்சு நம்புறது? கொஞ்ச நாள் நல்லா ஓடுச்சு. அப்புறம் ரெண்டு பக்கமும் பதுங்க ஆரம்பிச்சுட்டாங்க. நீ எனக்குக் குறைச்சுப் போட்டா நான் உனக்குக் குறைச்சுப் போடுவேன்னு விக்கிறவன் காத்துக்கிட்டு இருப்பான். அந்தப் பயத்துல வாங்குறவன் உடைஞ்ச சாமானுக்கும் 'அருமை'ன்னு எழுதிட்டுப் போயிடுவான். சம்பந்தி வீட்டு விருந்து மாதிரி, உப்பு இல்லன்னு எவனும் சொல்ல மாட்டான். 2008-ல ஈபேகாரன், விக்கிறவன் இனிமே வாங்குறவனைக் குறைச்சுப் போடக்கூடாதுன்னு நிறுத்திட்டான். விக்கிறவங்க குய்யோ முறையோன்னாங்க. ஒண்ணும் நடக்கல. நம்ம ஊருலயும் 2004-ல பாஸி டாட் காம்ங்கிற கடைய வாங்கிக்கிட்டு வந்தான், 2018-ல அதுவும் மூடிப் போச்சு. அவன் போயிட்டான், அவன் போட்ட வழக்கம் மட்டும் உன் கட்டிலுக்கு அடியில வந்து படுத்திருக்கு.

உன் கையில அந்த அதிகாரம் இருந்தா என்னா பண்ணியிருப்பேன்னு நான் சொல்லவா? நேத்து ராத்திரி பதினோரு மணிக்குத் தராசைத் தூக்கியிருப்ப.

மத்த குறை எல்லாம் வாசின்னேன். வாசிச்சான். சாக்லேட்டு உருகிக் குழம்பா வந்துச்சுன்னு ஒருத்தி, சித்திரை மாசத்துல, மதுரையில இருந்து. இது அநியாயமா? மேட்டுப்பாளையத்துல பஸ்ஸை விட்டு இறங்கினா மனுசனே உருகுறான். வெயில் காலத்துல சாக்லேட்டுக் கடையைக் கீழ்நாட்டுக்குச் சாத்தி வை, இல்லேன்னா ஐஸ் வச்சு அனுப்பு, அதுக்குக் காசு கேளு. அந்தப் பொண்ணுக்குப் பணத்தைத் திருப்பிக் குடு, பேசாதே. வர்க்கி நொறுங்கி வந்துச்சுன்னு ஒருத்தர். நொறுங்காத வர்க்கிய நான் எழுபது வயசுக்கு இன்னும் பார்க்கல. டீயில போட்டா எப்படியும் நொறுங்கத்தானே போகுதுன்னு சொல்லத் தோணும், சொல்லிடாதே. தைலத்துக்கு ஒருத்தர் 'வாசனை அதிகம்'னு மூணு நட்சத்திரம். அதை அப்படியே சட்டம் போட்டு மாட்டு, அதை விட நல்ல விளம்பரம் உனக்கு எவன் எழுதுவான்? ஐப்பசி மழையில பர்லியார்ப் பக்கம் மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சதால நாலு நாள் தாமதமாப் போனதுக்கு ஒத்தை நட்சத்திரம். இது மலைக்கு விழுந்த நட்சத்திரம், உன் பேருல எழுதிட்டாங்க. உனக்கு இடம் குடுத்திருக்கிற ஆன்லைன் கடைக்காரங்ககிட்ட எழுதிப் பாரு. கூரியர் தாமதத்துக்குப் போட்டதைச் சில இடத்துல எடுத்துவிடுவாங்க.

இன்னொருத்தன் தனியா மெசேஜ் அனுப்பியிருக்கான்: பாதிப் பணத்தைத் திருப்பு, இல்லேன்னா ஒண்ணு போடுவேன்னு. இதுக்கு வேற வைத்தியம். கோவப்படாதே, கெஞ்சாதே, பேரமும் பேசாதே. அந்த மெசேஜை அப்படியே படம் பிடிச்சு, ஆர்டர் நம்பரோட கடைக்காரங்களுக்கு அனுப்பு. 'நட்சத்திரத்தை எடுத்துடுங்க, இருநூறு ரூபா தர்றேன்'னு மட்டும் எவனுக்கும் எழுதிடாதே. அதையும் எவனாவது படம் பிடிப்பான், அப்புறம் கட்டிலுக்கு அடியில அம்மா பழையபடி வெங்காயம் போட்டு வைப்பாங்க. அந்தப் பதினோரு 'அண்ணா'வையும் இன்னைக்கே எடுக்கச் சொல்லு. அத்தைகிட்ட நான் பேசுறேன்.

அப்புறம் டீ லவ்வருக்கு எழுத வச்சேன். நான் சொல்லச் சொல்ல அவன் தட்டினான்:

"வணக்கம். நீங்கள் வாங்கியது பால் டீக்கான தூள் அல்ல, இலைத் தேயிலை. ஒரு கப் கொதித்த நீரில் ஒரு தேக்கரண்டி போட்டு மூன்று நிமிடம் மூடி வைத்து, வடிகட்டிப் பால் சேர்க்காமல் குடிக்க வேண்டும். இதைப் பொட்டலத்தில் பெரிதாக எழுதாதது எங்கள் தவறு. திருப்பி அனுப்ப விரும்பினால் பணம் தருகிறோம்."

"இவ்வளவுதானா? ஏமாத்துன்னு சொன்னானே, அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணும் இல்ல."

"இதைப் படிச்சுட்டு அவன் மாத்துவானா தாத்தா?"

மாத்த மாட்டான். அவன் எழுதிட்டுத் தூங்கப் போயிட்டான், நீதான் முழிச்சுக்கிட்டு இருக்க. இத அவனுக்கு எழுதுறோம்னா நினைச்ச? பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பேரு சண்டை போட்டா நீ யாரப் பார்ப்ப? கத்துறவனையா? திட்டு வாங்கிக்கிட்டு நிக்கிறவன் என்னா பண்றான்னுதானே பார்ப்ப. அப்படி நின்னு பார்க்கிறவன் ஒருத்தன் லக்னோவுல இருக்கான். அவனுக்கு இப்போ டீ எப்படிப் போடுறதுன்னும் தெரிஞ்சு போச்சு.

அமெரிக்காவுல நார்த்வெஸ்டர்ன்னு ஒரு பல்கலைக்கழகம். எத்தனை நட்சத்திரம் இருந்தா ஜனங்க அதிகமா வாங்குறாங்கன்னு கணக்குப் பார்த்திருக்காங்க. அஞ்சுக்கு அஞ்சு இருந்தாத்தானேன்னு நினைப்ப. இல்லையாம். 4-க்கும் 4.7-க்கும் நடுவுல இருக்கிறப்பத்தான் உச்சமாம். அதுக்கு மேல போகப் போக ஜனங்களுக்குச் சந்தேகம் வந்துடுதாம். உங்க அம்மாவைக் கேட்டிருந்தா காசில்லாமச் சொல்லியிருப்பாங்க. நீ கைக்குழந்தையா இருக்கறப்போ குளிப்பாட்டி, பவுடர் போட்டு, கன்னத்துல கரேல்னு ஒரு பொட்டு வச்சுத்தான் வெளியில தூக்கிட்டு வருவாங்க. டீ லவ்வர் 77 உனக்கு வச்சது அதுதான். கொஞ்சம் பெருசா வச்சுட்டான்.

அஞ்சு நட்சத்திரம் கிடைச்சவன் கதி தெரியுமா? ஜான் சல்லிவன்னு கோயமுத்தூர்க் கலெக்டர், 1819-ல மேல ஏறி வந்தவரு, ஸ்விட்சர்லாந்து மாதிரியே இருக்குன்னு தாமஸ் மன்றோங்கிற துரைக்குக் கடுதாசி எழுதிட்டாரு. இந்த மலைக்கு அதுதான் மொத ரிவியூ. அன்னைக்கு ஏற ஆரம்பிச்ச கூட்டம் இன்னும் இறங்கல. 2024 மே மாசத்துல கோர்ட்டு சொல்லி, இ-பாஸ் வாங்கித்தான் வெளியூர் வண்டி மேல வரணும்னு ஆக்கினாங்க. 2025 கோடையில அதுக்கும் ஒரு கணக்கு: ஒரு நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறுல 8,000. சல்லிவன் மட்டும் 'குளிரு ஜாஸ்தி, அட்டை கடிக்குது, ஒரு நட்சத்திரம்'னு எழுதியிருந்தா நாம சீசன்ல மார்க்கெட்டுக்கு நிம்மதியா நடந்து போயிட்டு வரலாம். என்ன, நீயும் நானும் இங்க இருந்திருக்க மாட்டோம்.

பனி கலைஞ்சு வெயில் திண்ணைக்கு வந்துடுச்சு. பய கொஞ்சம் தெளிஞ்சு எழுந்திரிச்சான். "எப்படித் தாத்தா இவ்வளவும்..."ன்னு இழுத்தான். அவன் கண்ணு என் தலையில நின்னுச்சு.

அட, ஆமாடா. உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு. இந்தக் குரங்குக் குல்லா, போன மாசம் பேத்தி போன்ல நானே அமுக்கி வாங்கினது. திருப்பூர்க்காரன் எவனோ. வந்ததைப் போட்டா நெத்தியில முள்ளு வேலி கட்டின மாதிரி இறுக்குச்சு. அன்னைக்கு முழங்கால் வலி வேற. 'குல்லா இல்ல, கொலைக் கருவி'ன்னு பேத்தியை எழுதச் சொல்லி, ஒண்ணு போட்டேன். அப்புறம் அட்டையப் பார்த்தா பத்து வயசுப் பையனுக்குன்னு போட்டிருக்கு. பெரிய எழுத்துலதான் போட்டிருக்கான், உன்ன மாதிரி இல்ல. அவன் மறுநாளே, "ஐயா, அளவு தவறியிருக்கலாம், பெரிய அளவு அனுப்பட்டுமா"ன்னு பதில் போட்டிருக்கான். ஐயான்னு போட்டிருக்கான் பாரு.

பேத்தி கோயமுத்தூர் போயிட்டா. நீ நாளைக்கு வரும்போது, எங்க அமுக்கினா நட்சத்திரம் ஏறும்னு எனக்குக் காட்டு. ரொம்ப ஏத்த வேணாம், மூணு போதும். குல்லா இன்னும் காதைக் கடிக்குது.